சம்பளக் கோப்பைக் கணக்காளருக்குப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் 12 ஊழியர்களை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடை, மாதக் கடைசியில் சம்பள விவரத்தை வெளியிலுள்ள கணக்காளருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், மத்திய சேம நிதிச் சந்தா எல்லாமே அந்த ஒரே எக்செல் கோப்பில் இருக்கும். அதை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டு மறந்துவிடுவதுதான் பலரின் வழக்கம். ஆனால் அதன் நகல், அனுப்பியவரின் பெட்டியிலும் பெற்றவரின் பெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இந்த வழக்கத்தை மாற்ற, விண்டோஸ் கணினியில் கோப்பைப் பூட்டும் செவன்-ஜிப், அதை அனுப்பும் வின்எஸ்சிபி என்னும் இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். கணக்காளர் தரப்பில் எஸ்எஃப்டிபி சர்வர் ஒன்று, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பெற்றுக்கொள்ளும் கணினி, இருக்க வேண்டும். இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தேவையற்றதை நீக்குதல்

கணக்காளருக்கு வேண்டாத நெடுவரிசைகளை, அதாவது ஊழியரின் வீட்டு முகவரி, கைபேசி எண் போன்றவற்றை, நகலிலிருந்து அழித்துவிடுங்கள். கோப்பில் இல்லாத விவரம் கசிய வழியில்லை.

படி 2: கோப்பைப் பூட்டுதல்

கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, செவன்-ஜிப் பட்டியலில் 'ஆட் டு ஆர்க்கைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் சாளரத்தில் 'செவன்-இசட்' வடிவத்தைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இட்டு, கோப்பின் பெயரையும் மறையாக்கும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும்) கட்டத்தைக் குறியிடுங்கள். இந்த வடிவம் ஏஇஎஸ்-256 என்னும் வலுவான மறையாக்க முறையில் பூட்டுகிறது. கணக்காளர் 'ஜிப்' வடிவம்தான் வேண்டும் என்றால், மறையாக்க முறையை நீங்களே ஏஇஎஸ்-256 என்று மாற்ற வேண்டும், ஏனெனில் அங்கே இயல்பாக அமைந்திருப்பது எளிதில் உடைபடும் பழைய முறை.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு குறிகளைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியது. மூன்று இலக்கங்களும் ஓர் எழுத்தும் சேர்ந்தால் எப்படி எண்ணினாலும் 26,000 சேர்க்கைகளைத் தாண்டாது. இணையத்தளம் என்றால் சில தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கு முடங்கும். கையில் கிடைத்த கோப்போ எத்தனை முறை முயன்றாலும் முடங்காது. 2025இல் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் அடையாள அட்டை எண்ணை இவ்வாறு பயன்படுத்த வேண்டாம் என்று கூட்டாக அறிவுறுத்தின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்துக் கடவுச்சொல் ஆக்குங்கள். அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். கோப்பு போகும் வழியிலேயே அனுப்பாதீர்கள்.

படி 3: இணைப்பு

வின்எஸ்சிபியைத் திறந்து, நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் முறை) என்னும் இடத்தில் எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் எண் 22 என்று தானாகவே வரும். அதே பட்டியலில் உள்ள எஃப்டிபி என்னும் பழைய கோப்பு அனுப்பும் முறை 1971இல் பிறந்தது. அது கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிணையத்தில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பின்னர்தான், அங்கிருந்த டாட்டு இலோனென், இணைப்பு முழுவதையும் மறையாக்கும் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். எஸ்எஃப்டிபி அதன்மேல்தான் இயங்குகிறது.

படி 4: சர்வரின் கைரேகையைச் சரிபார்த்தல்

முதன்முறை இணையும்போது, இந்த சர்வர் அறிமுகமற்றது என்று ஓர் எச்சரிக்கையும் அதனுடன் நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றும் தோன்றும். அந்த சர்வரை அடையாளம் காட்டும் அந்தத் தொடர்தான் அதன் கைரேகை. பலர் அதைப் படிக்காமலேயே ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படி அழுத்தியவன்தான். இந்தச் செய்முறையில் மிக முக்கியமான கணம் அதுதான் என்பது என் கருத்து. மறையாக்கம், மறுமுனையில் இருப்பவர் வரை கோப்பைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். மறுமுனையில் இருப்பவர் கணக்காளர்தானா என்பது அதன் கவலை அல்ல. ஆகவே எச்சரிக்கைச் சாளரத்தை மூடாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் (புதிதாக வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணில் அன்று) கணக்காளரை அழைத்து, அவர்களுடைய சர்வரின் கைரேகையை வாசிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உட்பட முழுவதும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வின்எஸ்சிபி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னாளில் கைரேகை மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், அவர்கள் உண்மையிலேயே சர்வரை மாற்றியிருக்கலாம் என்றாலும், மறுபடியும் அழைத்துக் கேட்கும்வரை எதையும் அனுப்ப வேண்டாம்.

படி 5: சாவி இணை

சர்வரில் கடவுச்சொல்லை இட்டு உள்நுழைவதைவிடச் சாவியால் நுழைவது மேல். சாவி இணை என்பது ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு கோப்புகள்: பிறரிடம் தரும் பொதுச் சாவி, உங்களிடமே இருக்கும் தனிச் சாவி. வின்எஸ்சிபியுடன் வரும் பட்டிஜென் செயலியைத் திறந்து, 'ஈடி25519' வகையைத் தேர்ந்து, சாவி இணையை உருவாக்குங்கள். மேலே தோன்றும் பொதுச் சாவியைக் கணக்காளருக்கு அனுப்புங்கள். அதில் ரகசியம் ஏதுமில்லை. தனிச் சாவிக்குத் தனிக் கடவுச்சொல் இட்டு, உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாரும் பயன்படுத்தும் கோப்புறையில் வேண்டாம்.

படி 6: அனுப்புதலும் அழித்தலும்

வின்எஸ்சிபி சாளரத்தில் உங்கள் கணினியைக் காட்டும் இடப்பக்கத்திலிருந்து, சர்வரைக் காட்டும் வலப்பக்கத்திற்குக் கோப்பை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கணக்காளர் அதைத் திறந்துவிட்டதாகச் சொன்னதும் சர்வரில் உள்ள நகலை அழியுங்கள்.

அதோடு, எந்தத் தேதியில், எந்தக் கோப்பை, எப்படிப் பூட்டி அனுப்பினீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் 2021 பிப்ரவரி 1 முதல், அறிவிக்கத்தக்க தகவல் கசிவு நேர்ந்துவிட்டது என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் ஆணையத்திடம் தெரிவிப்பது கட்டாயம். 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால்தான் அந்த விதி என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். பெயரோடு சம்பளத் தொகையும் சேர்ந்து கசிவது கணிசமான பாதிப்பு என்றே விதிமுறைகள் கருதுவதால், 12 பேரின் கோப்பும் அதில் அடங்கும். எனினும், கசிவுக்கு முன்பே செய்திருந்த தொழில்நுட்ப ஏற்பாட்டினால் பாதிப்பு நேர வாய்ப்பில்லை என்றால், ஊழியர் ஒவ்வொருவருக்கும் அறிவிக்கும் கடமையிலிருந்து சட்டம் விலக்கு அளிக்கிறது. அப்படியொரு ஏற்பாடு இருந்தது என்று காட்டுவதற்கு அந்தக் குறிப்பேடு உதவும்.