பிளம்பர் லைசன்ஸ் எடுக்கப் போறவங்க விடக் கூடாத பிழைகள்

வத்தளையில இருந்து தெஹிவளை வரைக்கும் பாத்தா பிளம்பிங் வேலை நல்லாத் தெரிஞ்ச நம்ம பொடியன்மார் எத்தனையோ பேர் இருக்காங்க. சின்ன வயசுலயே ஒரு பாஸோட, அதாவது மூத்த தொழிலாளியோட கூடப் போய், பைப் வெட்டி, கம் பூசி, சுவர் கொத்தி வேலை பழகினவங்க. ஆனா கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால பெரிய சைட்ல போய் வேலை கேட்டா ஹெல்பர் சம்பளம், வெளிநாட்டுக்குக் கேட்டா அங்கயும் ஹெல்பர் வேலைதான். இதைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஏனென்டா வேலை தெரியாம இவங்க பின்னுக்கு நிக்கல, தெரிஞ்ச வேலையைக் காட்டுறதுக்கு ஆதாரம் சேக்காம விட்டதாலதான் நிக்கிறாங்க.

முதல்ல ஒண்டைத் தெளிவாச் சொல்லணும். நம்ம ஆக்கள் லைசன்ஸ் லைசன்ஸ் என்டு பொதுவாச் சொல்றது ஒரே ஒரு கார்ட் இல்ல. அடிப்படை, என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். அதுல மொத்தம் ஏழு லெவல், ஒண்டுல இருந்து நாலு வரைக்கும் கைத்தொழில் சான்றிதழ், அஞ்சும் ஆறும் டிப்ளோமா, ஏழு டிகிரி. பிளம்பர் வேலைக்குப் பொதுவாக் கேக்கிறது மூணு, நாலு. அதுக்கு மேல கட்டிட வேலைக்குப் போறவங்களுக்கு சீடா, அதாவது நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை, 2014ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ குடுக்கிற கைவினைஞர் அடையாள அட்டை ஒண்டு இருக்கு. அந்த ஒபிஸ் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில. அட்டையை முதல்ல எடுத்திட்டு சான்றிதழைப் பிறகு பாப்பம் என்டு தலைகீழா ஓடித் திரியாதீங்க, என்.வி.கியூ.வை முதல்ல எடுங்க.

இப்ப பிழைகளுக்கு வருவம். ஆகப் பெரிய பிழை, போர்டைப் பாத்திட்டுக் கோர்ஸுல காசு கட்டுறது. "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்" என்டு பெருசா எழுதியிருப்பாங்க, அது உண்மையாவும் இருக்கலாம், ஆனா இடத்தைப் பதியிறது வேற, அந்த இடத்துல நடக்கிற பிளம்பிங் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கிறது வேற. ரெண்டையும் குடுக்கிறது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான். இடம் பதிஞ்சிருந்து கோர்ஸுக்கு அங்கீகாரம் இல்லாட்டி கடைசியில கிடைக்கிறது அந்த நிறுவனத்தோட சொந்தச் சான்றிதழ், அது என்.வி.கியூ. இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி இப்பிடி ஒரு இடத்துல படிச்சு, தங்க எழுத்துல அடிச்ச சான்றிதழை லேமினேட் பண்ணி வச்சிருந்தான், இன்டர்வியூவில அதைத் திருப்பிக் கூடப் பாக்கல. காசு கட்ட முந்தி, இந்தக் கோர்ஸ் எந்த லெவலுக்கு அங்கீகரிச்சது, அங்கீகாரம் இப்பவும் செல்லுபடியா என்டு கேளுங்க, கேட்டதோட விடாம நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில இருக்கிற நிபுணதா பியச கட்டிடத்துக்கு நேராப் போய் விசாரிங்க. ஆணைக்குழுவும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் அங்கதான், ஒரு காலையில ரெண்டு வேலையும் முடியும். தமிழ் மொழியில வகுப்பும் பரீட்சையும் இருக்கா என்டும் அப்பவே கேளுங்க. வகுப்பு தொடங்கி ஒரு மாசம் போனபிறகு எல்லாம் சிங்களத்துலதான் என்டு தெரிஞ்சு நடுவுல விட்டவங்களைப் பாத்திருக்கேன்.

அடுத்தது, வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்க விடுற பிழை. நான் ஓ லெவல் பாஸ் இல்ல, எனக்கு இதெல்லாம் கிடைக்காது என்டு தாங்களே முடிவு பண்ணிக்கிறாங்க. அப்பிடி இல்ல. வகுப்புக்கே போகாம, ஏற்கனவே தெரிஞ்ச வேலையைக் காட்டி என்.வி.கியூ. எடுக்கிற வழி இருக்கு, ஆர்.பி.எல். என்டு சொல்றது, முன் அனுபவத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்கிற முறை. ராஜகிரிய வெலிக்கடையில இருக்கிற நைட்டா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, இதைச் செய்யுது, தொழிற்பயிற்சி அதிகார சபையிலயும் கேக்கலாம். ஆனா இதுல உங்கட வாய்ச்சொல்லை யாரும் எடுக்க மாட்டாங்க, அசெஸர், அதாவது மதிப்பிட வர்றவர், ஆதாரம் கேப்பார், அங்கதான் நம்ம ஆக்கள் மாட்டுறாங்க.

ஆதாரம் என்டா என்ன? நீங்க வேலை செஞ்ச கொன்ட்ராக்டர்மார் எழுதித் தந்த கடிதம். அதுல எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும், என்ன வேலை, எந்த மாதிரிக் கட்டிடம் என்டு இருக்கணும், "நல்ல பொடியன், நேர்மையானவர்" என்டு மட்டும் எழுதின கடிதம் நற்சாட்சிதான், வேலை தெரியும் என்டதுக்கு அது ஆதாரமாகாது. பிறகு போட்டோ. எல்லாரிட்டயும் போன் இருக்கு, ஆனா எடுக்கிற போட்டோ எல்லாம் டைல் ஒட்டி, கொமட் வச்சு, பளபளன்டு முடிஞ்ச பாத்ரூம். அதுல பிளம்பர் செஞ்ச வேலை எங்க தெரியுது? சுவர் மூடுறதுக்கு முந்தி எடுக்கணும். கொத்தின தடத்துல பைப் போற பாதை, டி, எல்போ வச்ச இடம், வேஸ்ட் லைனுக்கு வாட்டம் வச்சு மட்டம் பாக்கிறது, பிரஷர் டெஸ்ட் போட்ட கேஜ், இதெல்லாம் உங்கட கையோ முகமோ தெரியிற மாதிரி. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, சைட் பேரும் மாசமும் எழுதி வையுங்க. பாஸிட்ட வேலை பழகிற பொடியன்மாரும் முதல் நாள்ல இருந்தே தொடங்கலாம்.

அசெஸ்மென்ட் அண்டைக்கு நடக்கிற பிழை இன்னொரு வகை. கை ஓடும், ஏன் அப்பிடிச் செய்றது என்டு கேட்டா வாய் ஓடாது. பாஸ் சொன்னார், செஞ்சேன் என்டதுதான் பதில். அங்க மார்க்ஸ் போட்டுப் பாஸ் பெயில் சொல்றதில்ல, தேர்ச்சி பெற்றவர், இன்னும் தேர்ச்சி பெறல, அவ்வளவுதான். அதனால காரணம் தெரிஞ்சிருக்கணும்.

ஒரு உதாரணத்தை விரிவாவே சொல்றேன், கொழும்பு பிளாட் வீடுகள்ல அடிக்கடி காணுற பிரச்சினை. பாத்ரூம் புதுசு, எல்லாம் நல்ல சாமான், ஆனா வாஷிங் மெஷின் தண்ணி விட்டதும் தரையில இருக்கிற ஓட்டைப் பக்கம் களக் களக் என்டு சத்தம், பிறகு நாத்தம், ராத்திரியானா கரப்பான். வீட்டுக்காரர் பினோல் ஊத்துவார், ஒரு நாளைக்கு அடங்கும், திரும்ப வரும். காரணம் டிராப், அதாவது கழிவுத் தண்ணி போற வழியில தண்ணி தேங்கி நிக்கிற மாதிரி வைக்கிற வளைஞ்ச பகுதி. டிராப்புக்குள்ள எப்பவும் தண்ணி நிக்கணும், ஆகக் குறைஞ்சது 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு இஞ்சி ஆழம். அந்தத் தண்ணிதான் சாக்கடைக் காத்து வீட்டுக்குள்ள வராமத் தடுக்குது. ஒரே லைன்ல மெஷின் தண்ணி வேகமாப் போகும்போது பின்னால காத்து வர வழி இல்லாட்டி, பக்கத்து டிராப்புல நிக்கிற தண்ணியையும் உறிஞ்சிக்கிட்டுப் போயிடும். வென்ட் பைப் ஏன் வைக்கணும், அதைக் கூரைக்கு மேல வரைக்கும் கொண்டுபோய் ஏன் திறந்து விடணும் என்டதுக்குப் பதில் இதுதான். வென்டைச் செலவு என்டு வெட்டி விடுறவங்க இருக்காங்க, பினோல் செலவு அந்த வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் கட்டுறது.

வாட்டமும் அப்பிடித்தான். நாலு இஞ்சி லைனுக்கு நாப்பதுக்கு ஒண்டு என்டு கணக்கு வச்சா ஒரு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம், நம்ம கணக்குல பத்தடிக்கு மூணு இஞ்சி. கூடக் குடுத்தா நல்லதுதானே என்டு நினைச்சு ஆறு ஏழு இஞ்சி இறக்கிடுறாங்க. அப்ப தண்ணி முந்தி ஓடிடும், திடமானது பின்னுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும், நாளடைவில அடைப்பு வரும்.

பைப்பு மேல அடிச்சிருக்கிறதை வாசிக்காம வாங்குறதும் பிழைதான். பழைய சோனகத் தெருவில போய் "ஒரு இஞ்சி பைப் தாங்க" என்டு கேட்டா கடைக்காரர் கையில அகப்பட்டதைத் தருவார். டைப் 600, டைப் 1000 என்டு இருக்கிறது அது தாங்கிற அழுத்தம், கிலோபாஸ்கல் கணக்குல. பத்து மீட்டர் உயரத் தண்ணி கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல், அதாவது ஒரு பார். அப்ப மொட்டை மாடி டேங்க்ல இருந்து கீழ் வீட்டுக்கு வர்ற அழுத்தம் என்ன, மேல் மாடியில டேங்குக்கு நேர் கீழ இருக்கிற ஷவர்ல ஏன் தண்ணி நூலா வருது என்டு நீங்களே சொல்லிடலாம். எஸ்.எல்.எஸ். 147 தரக்குறி இருக்கா என்டும் பாருங்க, பி.வி.சி. பிரஷர் பைப்புக்கு அதுதான் நம்ம நாட்டுத் தரம். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. போடவே கூடாது, சூடு தாங்கிற பிளாஸ்டிக் பைப்பான பி.பி.ஆர். இல்லாட்டி சி.பி.வி.சி. போடணும்.

சின்னச் சின்ன விஷயங்களும் அசெஸர் கண்ணுல படும். பைப்பை நேரா வெட்டாம சரிவா வெட்டுறது, விளிம்பைத் தேய்க்காம விடுறது, கம்மை உள்பக்கம் வழியிற அளவுக்கு அப்புறது, டேப்பை மறுபக்கமாச் சுத்துறது, பிளாஸ்டிக் திரெட்டுக்கு டேப்பை மொத்தமாச் சுத்தி முறுக்கி வெடிக்க வைக்கிறது. பிரஷர் டெஸ்ட் போடும்போது லைன்ல இருக்கிற காத்தை வெளிய விடாம பம்ப் பண்ணிட்டு, கேஜ் சரியில்ல என்டு சொல்றது இன்னொண்டு.

சட்டப் பக்கம் வந்தா, கொழும்புல வீட்டுக்காரர் கேக்கிற ரெண்டு வேலைக்கு "ஏலாது" என்டு சொல்லப் பழகணும். ஒண்டு, மீட்டர்ல இருந்து வர்ற லைனுக்கு நேரடியா மோட்டர் பூட்டுறது. தண்ணி வேகம் காணாது என்டு கெஞ்சுவாங்க, பாவமாவும் இருக்கும். ஆனா மோட்டர் மெயின் லைனை உறிஞ்சினா பக்கத்து வீடுகளுக்குத் தண்ணி குறையும், அதைவிட மோசம், மெயின் லைன்ல எங்கயாவது வெடிப்பு இருந்தா அது வழியா நிலத்து அழுக்கு உள்ள இழுபடும், அதைக் குடிக்கிறது முழுத் தெருவும். செய்ய வேண்டியது கீழ ஒரு டேங்க் வச்சு, சபைத் தண்ணியை அதுல விழ விட்டு, அங்க இருந்து மேல ஏத்துறது. ரெண்டாவது, கிணத்துத் தண்ணி லைனையும் சபைத் தண்ணி லைனையும் ஒரு வால்வு வச்சு இணைக்கிறது. வத்தளைப் பக்கம் கிணறு உள்ள வீடுகள்ல இதைக் கேப்பாங்க. வால்வு ஒரு நாள் கசிஞ்சா கிணத்துத் தண்ணி மெயினுக்குள்ள போகும். மீட்டரைக் கழட்டுறதும் திருப்புறதும் நம்ம வேலை இல்ல, அது நீர் வழங்கல் சபையோட சொத்து. இப்பிடி ஒரு வேலையில பேர் கெட்டா சான்றிதழ் இருந்தும் பிரயோசனம் இல்லாமப் போகும். மோட்டருக்கு வயர் இழுக்கிறதையும் எலக்ட்ரீஷியனிட்ட விட்டிடுங்க.

பேர் விஷயத்துலயும் கவனமா இருங்க. தமிழ் ஆக்களுக்கு இது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் ஒரு ஸ்பெல்லிங், ஐடென்டிட்டி கார்ட்ல வேற, பாஸ்போட்ல இனிசியல் விரிஞ்சு இன்னொண்டு. கோர்ஸ் ஃபோர்ம் நிரப்பும்போது அவசரத்துல கூப்பிடுற பேரை எழுதிக் குடுத்திடுறாங்க. சான்றிதழ் அடிச்சு வந்தபிறகு திருத்துறதுக்கு அலையிறதை விட, ஃபோர்ம் நிரப்புற அண்டைக்கே பாஸ்போட்டைப் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தாப் பாத்து எழுதுறது லேசு.

கடைசியா வெளிநாடு. என்.வி.கியூ. இருந்தா எங்க போனாலும் பிளம்பர்தான் என்டு சில ஏஜென்ட்மார் சொல்றாங்க, நம்பாதீங்க. லண்டன்லயும் என்.வி.கியூ. என்டு ஒண்டு இருந்தது, பேர் ஒண்டுதான், அது வேற முறை, லெவல் நம்பரும் பொருந்தாது. அங்க கேஸ் லைனைத் தொடணும் என்டா 2009ல இருந்து கேஸ் சேஃப் பதிவு கட்டாயம். கனடா ஒன்டாரியோவில பிளம்பர் கட்டாய உரிமம் உள்ள தொழில், ஸ்காபரோவில மாமா இருக்கார் என்டதுக்காகப் போன கையோட ஸ்பானர் தூக்க ஏலாது. புதுசாப் படிக்கிறவங்களுக்குக் கிட்டத்தட்ட 9,000 மணித்தியாலப் பயிற்சி, அனுபவம் உள்ளவங்க அங்க உரிமம் குடுக்கிற ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோவுக்கு ஆதாரத்தைக் காட்டி நேரா பரீட்சை எழுத அனுமதி கேக்கலாம், பாஸ் மார்க் 70 வீதம். அவுஸ்திரேலியாவில ஸ்கில் அசெஸ்மென்ட் பாஸ் ஆனாலும் லைசன்ஸை ஒவ்வொரு மாநிலமும் தனியாத்தான் குடுக்கும். ஏஜென்ட்டிட்ட பாஸ்போட்டைக் குடுக்க முந்தி, அந்த ஏஜென்சிக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தோட அனுமதி இருக்கா என்டு பத்தரமுல்லையில கேட்டுட்டுக் குடுங்க.

இந்த நாடுகள் எல்லாம் கேக்கிறது, நீங்க சம்பளத்துக்கு வேலை செஞ்சதுக்கு எழுத்துல ஆதாரம். நாள் சம்பளத்தைக் கையில வாங்கினா அதுக்கு ஒரு தடயமும் இல்ல. நம்ம சட்டப்படி நாள் சம்பளக்காரருக்கும் முதல் நாள்ல இருந்தே ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி உரிமை இருக்கு, உங்கட சம்பளத்துல 8 வீதம், முதலாளி 12 வீதம், அதுக்கு மேல ஈ.டி.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர் கட்டணும். அந்தக் கணக்குப் பதிவு ஓய்வுக் காசுக்கு மட்டும் இல்ல, எந்த வருஷம் யாரிட்ட வேலை செஞ்சீங்க என்டதுக்கு அரசாங்கமே வச்சிருக்கிற ஆதாரம். கொன்ட்ராக்டர் கட்டலயா, இந்த மாசச் சம்பளம் வாங்கிற அண்டைக்குக் கேளுங்க, சம்பளத்தையும் பேங்குல போடச் சொல்லுங்க.