உங்கள் நாயையும் அவருடைய நாயையும் பழக்குவது எப்படி

நாயோடு நடக்கப் போன இடத்தில் ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது. அவர் கையிலும் ஒரு லீஷ். ஆனால் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று பார்த்தாலே உறுமுகின்றன. இந்த நிலைமையில் இருக்கும், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் பழகியது திருவான்மியூர் கடற்கரைப் பக்கம். என்னுடையது சிப்பிப்பாறை, பெயர் முத்து. முயல் வேட்டைக்கென்றே வளர்ந்த இனம் என்பதால் எது ஓடினாலும் பின்னாலேயே ஓடும். அவருடையது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பிஸ்கட். ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அவர் கால்களுக்கு நடுவில் போய் நின்றுகொள்ளும். நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் ஓயாமல் பேசுவேன், அவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். நான் விடியற்காலையில் எழுந்து வீடு பெருக்குகிற ஆள், அவர் நடுராத்திரி தாண்டியும் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிற ஆள்.

முதலில் நாயைப் பற்றி மட்டும் பேசுங்கள். பெயர், வயது, அப்புறம் "ரேபிஸ் ஊசி போட்டாச்சாங்க?" நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் போட ஆரம்பித்து வருடாவருடம் தொடர வேண்டிய ஊசி அது. தேதியோடு பதில் சொல்கிறவர் பொறுப்பான ஆள். அவரும் நம்மைப் போலத்தானா என்பதை எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். நான் முத்துவின் கழுத்துப் பட்டையில் ஒரு வானவில் ரிப்பன் கட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஜூன்ல பிரைடுக்குப் போயிருந்தீங்களா?" என்றார். நம்மைப் போன்றவர்கள் வானவில் கொடியோடு சென்னையில் 2009இலிருந்து நடத்துகிற பேரணி அது. அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

இனி நாய்கள். அவர் தெருவும் வேண்டாம், உங்கள் தெருவும் வேண்டாம். இரண்டு நாய்க்கும் சொந்தமில்லாத, தெருநாய்க் கூட்டம் அதிகம் இல்லாத ஓர் அகலமான சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கொரு ஓரமாக, ஒரே திசையில் நடங்கள். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவதுதான் சண்டைக்கு முதல் காரணம். லீஷைத் தளர்வாகப் பிடியுங்கள். நீங்கள் இறுக்கினால், எதிரே ஏதோ ஆபத்து என்று நாய் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று முறைக்காமல் தரையை முகர்ந்துகொண்டு நடக்க ஆரம்பித்த பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலை இல்லை இது. நடந்துகொண்டே நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம், அவசரம் எதற்கு?

பக்கத்தில் வந்ததும் பின்பக்கத்தை முகர விடுங்கள். மூன்று நொடி போதும், கூப்பிட்டு ஒரு துண்டு கோழி ஈரல் கொடுங்கள். மறுபடி விடுங்கள். இந்த நேரத்தில் அதன் உடம்பைக் கவனிக்க வேண்டும். வாலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வால் ஆட்டுகிற நாயும் கடிக்கும். வாய் மூடி, உடம்பு விறைத்து, கண் அசையாமல் பார்த்தால் உடனே திருப்பி நடத்துங்கள். உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினால் பயப்படுகிறது, தூரம் கொடுங்கள். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. பிஸ்கட் முதன்முதலில் முத்துவிடம் அப்படிக் குனிந்தபோது, அதுவரை அளந்து பேசிய மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். என்னைப் பொறுத்தவரை எங்கள் காதல் அங்கேதான் ஆரம்பம்.

வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் முதலில் நன்றாக நடக்கவிட்டுக் களைப்பாக்குங்கள். எலும்பு, பந்து, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில்தான். நண்பர்களான பிறகும் அதை மாற்றாதீர்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். இதை அவர் வீட்டு ஆட்களிடமும் சொல்லிவிடுங்கள். மிச்சமான பிரியாணியை ஆசையாக வைத்துவிடுவார்கள்.

சேர்ந்து குடியேற முடிவு செய்துவிட்டீர்களா? பிராணிகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். காகிதங்களை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று நம் உறவு குற்றமில்லை என்றானது. ஆனால் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தரவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் கல்யாணப் பத்திரம் கையில் இல்லாதவர்கள் மற்ற காகிதங்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும். எங்கள் நாய்களுக்கு மாநகராட்சி உரிமம் அவரவர் பெயரில் இருக்கிறது. ஆனால் இரண்டு நாயின் மருத்துவ அட்டையிலும் எங்கள் இருவர் பெயரும், இருவர் எண்ணும் உண்டு. ராத்திரியில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஒருவர் ஓடினாலும் இன்னொருவர் பெயர் அந்த அட்டையில் இருக்கும்.

வேலையை அவரவர் சுபாவப்படி பிரியுங்கள். காலை நடை எனக்கு, ராத்திரி நடை அவருக்கு. அவரைச் சீக்கிரம் எழுப்ப நான் முயன்றதே இல்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். கோடையில் மட்டும் பகல் நடை யாருக்கும் கிடையாது. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

தீபாவளிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, பயத்துக்கு மருந்து தேவையா என்று கேட்டுவிடுங்கள். அன்றைக்குப் பலகாரத் தட்டோடு பக்கத்து வீடுகளுக்குப் போவது என் வேலை. ஜன்னலைச் சாத்தி, பாட்டு போட்டு, இரண்டோடும் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. சத்தம் ஓய்ந்த பிறகும் லீஷ் மாட்டாமல் கதவைத் திறக்காதீர்கள். மிரண்ட நாய்கள் ஓடித் தொலைந்துபோகும் ராத்திரி அது.