கட்டணக் கடன் முதலில், மசேநிதி அப்புறம்

சிங்கப்பூரில் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அப்பாவின் மசேநிதியில் (மத்திய சேம நிதி, சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கை வைக்க வேண்டாம். முதலில் கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனைக் கேளுங்கள். மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கிடைக்கும். படித்து முடிக்கும்வரை அதற்கு வட்டியே கிடையாது. மசேநிதியிலிருந்து எடுத்தாலோ, அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான்; எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஏறும். முதலாண்டில் எடுத்த 8,000 வெள்ளிக்கு நான்கு ஆண்டில் 800 வெள்ளிக்கு மேல். அந்த வட்டி அப்பாவின் கணக்குக்குத்தான் போகிறது, சரி, ஆனால் கட்டப்போவது பிள்ளையின் முதல் சம்பளம். தொடாமல் விட்டால் அதே வட்டியை மசேநிதி வாரியமே தரும்.

கையில் ரொக்கம் சேர்ந்திருந்தால், படிப்பு முடிந்து வட்டி தொடங்குமுன் கட்டணக் கடனை ஒரே தொகையாக அடைத்துவிடலாம். இந்தக் கணக்கில் பாதி லாபம் அங்கேதான்.

பல ஆண்டு தவணையில்தான் கட்ட முடியும் என்றால் கணக்கு மாறும்: படிப்புக்குப் பின் வரும் வட்டி 2.5 விழுக்காட்டைத் தாண்டலாம். மானியமில்லாத தனியார் பட்டப்படிப்புகளுக்கு இந்தக் கடன் கிடைக்காது. உத்தரவாதக்காரர் ஒருவரும் வேண்டும்.