அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காடியா, விலை பேசறதுக்கு முன்ன இத பாருங்க

கேஎல்ல (கோலாலம்பூர்ல) பழைய டொயோட்டா 86, மஸ்டா எம்எக்ஸ்-5 தேடறவங்க "ஆக்சிடென்ட் ஆச்சா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, எங்க அடிபட்டுச்சுன்னு கேளுங்க. ஜப்பான் கார் ஏலக் கணக்குல பம்பர், ஃபெண்டர், கதவு மாத்தினா அது ரிப்பேர் ஹிஸ்டரியே இல்ல, போல்ட் கழட்டி மாட்ற சாமான்தானே. சேஸிஸ் (அடிச்சட்டம்), பில்லர் (கூரைய தாங்கற தூண்), ஃப்ளோர்ல கை வச்சிருந்தாதான் கணக்கு. ரீகான் காடின்னா, அதாவது ஜப்பான்லேர்ந்து வந்த பழைய காடின்னா, அங்க ஏலத்துல குடுத்த ஆக்ஷன் ஷீட் கேளுங்க, கிரேடு இடத்துல ஆர் அல்லது ஆர்ஏ இருந்தா ரிப்பேர் ஹிஸ்டரி இருக்குன்னு அர்த்தம்.

கேஎல் செந்தூல்ல நான் ஒரு 86 பாக்க போனேன், பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, ஆனா பூட் (டிக்கி) கார்பெட்ட தூக்கினா ஸ்பேர் டயர் குழியில தகரம் சுருங்கி, தகர இணைப்புல பூசற சீலர் கையால பூசின மாதிரி கோணலா இருக்கு, வித்தவர் அப்பதான் "கொஞ்சமா பின்னாடி இடிச்சதுலா"ங்கறாரு.

பெயிண்ட் எவ்ளோ தடிமன்னு அளக்கற பெயிண்ட் மீட்டர் கொண்டு போங்க. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100லேர்ந்து 150 மைக்ரான், 300க்கு மேல ஏறினா உள்ள புட்டி இருக்கலாம். 86ஓட போனட் அலுமினியம், இரும்ப மட்டும் அளக்கற மலிவு மீட்டர் அங்க வேலை செய்யாது, ஏமாறாதீங்க. போனட் போல்ட்ல ஸ்பேனர் பட்ட தழும்பும் பாருங்க, இருந்தா கழட்டியிருக்கலாம்.

வண்டி சோதிக்கற புஸ்பாகோம்ல பி5 சோதனை பாஸ்னா அடிபடாத காடின்னு அர்த்தம் இல்ல, அது பேர் மாத்தறதுக்கு.

ஃபெண்டர் மட்டும் மாத்தி பில், படம் எல்லாம் இருந்தா நான் பெருசா குறைச்சு கேக்க மாட்டேன். வளைஞ்ச சேஸிஸ இழுத்து நேராக்கியிருந்தா நல்லா குறைக்க சொல்லுங்க, நாளைக்கு நீங்க விக்கறப்பவும் அடுத்தவன் இதே கார்பெட்டதான் தூக்குவான்.