பச்சையாகப் போனால் பயம், வெளுத்துப் போனால் மெத்தனம்: குழந்தையின் மலத்தைப் பார்த்துப் பெற்றோர் செய்யும் தவறுகள்

பிள்ளை பச்சையாகப் போகிறது என்றால் மதுரைப் பக்கத்து வீடுகளில் "சீர் தட்டிருச்சு, தோஷம் விழுந்திருச்சு" என்று மந்திரிக்கத் தூக்குவது இன்றும் நடக்கிறது. அதற்குப் பாட்டிமார் சொல்லும் அடையாளங்களைக் கவனியுங்கள்: உச்சிக்குழி உள்வாங்கியிருக்கு, கண்ணு குழி விழுந்திருக்கு, பிள்ளை துவண்டு கிடக்கு. மூன்றுமே நீரிழப்பின் அடையாளங்கள். அவர்கள் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் வேறு. துவண்ட பிள்ளையை நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். திருநீறைப் போகிற வழியில் பூசிக்கொள்ளலாம்.

பச்சை நிறத்துக்கு என்று தனியாக ஒரு நோய் கிடையாது. பித்தம் பச்சை நிறம். உணவு குடலில் வேகமாக நகர்ந்தால் பித்தம் பழுப்பாக மாற நேரம் கிடைக்காமல் அப்படியே வெளியேறும். முருங்கைக்கீரை தின்றாலும், இரும்புச்சத்து மருந்து குடித்தாலும் மலம் பச்சையாகலாம். பிள்ளை விளையாடுகிறது, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் பச்சையை விட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டிய நிறங்கள் மூன்றுதான். அவற்றில் அதிகம் கோட்டை விடுவது வெள்ளையை. பச்சிளங்குழந்தையின் மலம் சுண்ணாம்பு போல, அல்லது வெளுத்த களிமண் நிறத்தில் போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். கூடவே சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும். பிறந்த குழந்தையின் சிறுநீர் நிறமற்றுத்தான் இருக்க வேண்டும். பிறந்து 14 நாள் தாண்டியும் கண்ணில் மஞ்சள் நின்றால் வெயிலில் காட்டிக்கொண்டும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். பித்தநாள அடைப்பாக இருந்தால் அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல். "தாய்ப்பால் மஞ்சள்தான், தானாகப் போயிரும்" என்று ஒரு மாதம் கழிப்பது இதில் ஈடுசெய்ய முடியாத தவறு.

கறுப்பு அடுத்தது. கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப் (6 மாதம் முதல் 5 வயது வரை, வாரம் இருமுறை 1 மி.லி.) மலத்தைக் கரும்பச்சையாக்கும். இதைக் கண்டு பயந்து சிரப்பை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்த வேண்டியதில்லை. நாவல்பழமும் கறுப்பாக்கும். தார் மாதிரிப் பிசுபிசுவென்று ஒட்டி, வழக்கத்துக்கு மாறான கெட்ட வாடை அடித்தால் அது வயிற்றில் கசியும் ரத்தம், அன்றே காட்டுங்கள்.

சிவப்பைப் பார்த்தால் முந்தின நாள் பீட்ரூட் கொடுத்தோமா, கலர் போட்ட மிட்டாய், குளிர்பானம் கொடுத்தோமா என்று யோசியுங்கள். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை காலை மடக்கி வீறிட்டு அழுது, சற்று அடங்கி, மறுபடி அதேபோல் வீறிட்டு, வாந்தியும் எடுத்தால், ரத்தமும் சளியுமாகப் போகும்வரை காத்திருக்காதீர்கள். குடல் குடலுக்குள் சொருகிக்கொள்வதால் வருவது இது. "குடல் ஏறியிருக்கு" என்று வயிற்றை நீவிவிட்டால் நேரம்தான் போகும். மணிக்கணக்கில் முற்றும் நோய் இது. பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

பேதியில் செய்யும் தவறுகள்

சோற்றை நிறுத்துவதுதான் பெரிய தவறு. வயிற்றுக்கு ஓய்வு என்று வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியிலேயே மூன்று நாள் ஓட்டினால் பேதி நிற்பதற்குள் எடை குறைந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், புட்டிப்பாலில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழைந்த பருப்புச் சோறு, தயிர்ச்சோறு, இட்லி எல்லாம் கொடுக்கலாம். பேதி நின்றபின் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். கலக்கும் விதம். ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பாதி பாதியாகத் தம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு அளவு மீறினால் அதுவே ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஒரு லிட்டருக்கா 200 மி.லி.க்கா என்று. ஆறவைத்த தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவை கலக்குங்கள். கலக்கியபின் கொதிக்க வைக்காதீர்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள், 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மி.லி.; அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. புட்டியில் மடமடவென்று கொடுத்தால் வாந்தி வரும். வந்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று ஊட்டுங்கள்.

குளுக்கோஸ் பவுடரும் பாட்டில் ஜூஸும் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றில் உப்பு போதாது, மிகுந்த சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இளநீரிலும் சோடியம் குறைவுதான். கூடக் கொடுக்கலாம், மாற்றாக அல்ல.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு தரும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பேதி நின்றதும் தூக்கிப்போடுவது இன்னொரு வழக்கம். 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் லோபரமைடு மாத்திரையையும், அலமாரியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பையும் தொடாதீர்கள். பல் முளைப்பதால் பேதி என்று சும்மா இருப்பதும் சரியல்ல. தவழும் வயதில் கண்டதையும் வாயில் வைப்பதால்தான் கிருமி போகிறது.

6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

போகாத பிள்ளையும், ஜட்டியில் கறையும்

ஆறு வாரம் தாண்டிய, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு வாரம் போகாமல் இருந்து, பின் இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. எண்ணெய் தோய்த்த வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதுவும் வேண்டாம், ஆசனவாய் புண்ணாகும். முதல் மாதத்தில் மட்டும் கணக்கு வேறு: குறைவாகப் போனால் பால் போதவில்லையோ என்று எடை பாருங்கள்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளிடம் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜட்டியில் அடிக்கடி இளகலாகக் கறை படும். பேதி என்று நினைத்துப் பழமும் காயும் நிறுத்துவார்கள். உண்மையில் கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைத்து, அதைச் சுற்றி நீர்த்த மலம் ஒழுகுகிறது. ஒருமுறை வலித்தபின் பிள்ளை காலைப் பின்னி அடக்குவதில் தொடங்குவது இது. அடித்தால் இன்னும் அடக்கும். பாலை நாளைக்கு 500 மி.லி.க்குள் குறையுங்கள், சாப்பிட்டதும் 5 நிமிடம் காலுக்குப் பலகை வைத்து உட்கார வையுங்கள், மருத்துவர் தரும் இளக்கும் மருந்தைச் சொன்ன காலம்வரை கொடுங்கள். ஒரு வாரத்தில் நிறுத்தினால் அடைப்பு திரும்பும்.

மலத்தில் கேரட், சோளம், தக்காளித்தோல் முழுசாகத் தெரிந்தால் செரிமானக் கோளாறு என்று நினைக்காதீர்கள்; மென்று தின்னாததுதான் காரணம். வாழைப்பழம் தின்ற மறுநாள் தெரியும் கறுப்பு நூல் பூச்சி அல்ல. கீரிப்பூச்சி வெள்ளையாக, ராத்திரி ஆசனவாயில் அரிப்போடு வரும். அப்போது மாத்திரை வீட்டில் எல்லோருக்கும் வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும். மருத்துவரிடம் போகும்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், எத்தனை முறை, எவ்வளவு தண்ணியாக, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்ற குறிப்பையும் கொண்டு போங்கள்.