வரி ரீஃபண்ட் பெயரில் வரும் போலி மின்னஞ்சலிடம் ஏமாறாதிருக்க

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில்தான், "உங்கள் ரீஃபண்ட் தயாராக உள்ளது, 24 மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்" என்ற மின்னஞ்சல் வந்து சேர்கிறது. வர வேண்டிய பணம் என்பதால் யாருக்கும் எளிதில் சந்தேகம் எழுவதில்லை.

ரீஃபண்ட் தொகை, வருமான வரித் துறையின் இணையதளத்தில் நீங்களே முன்கூட்டிச் சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். ஆகவே கார்டு எண், சிவிவி, பின், ஓடிபி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்கும் தேவையே துறைக்கு இல்லை. கேட்டால் அது மோசடிதான். மேற்கொண்டு ஆராய வேண்டாம்.

ஆனால், கணக்கு விவரம் பொருந்தாமல் ரீஃபண்ட் நின்றுபோவதும் உண்மையிலேயே நடக்கிறது. அதைத் தெரிவிக்கும் அசல் மின்னஞ்சலும் வரும். அசலையும் போலியையும் பார்வையால் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம் என்பதால், எந்த மின்னஞ்சலாயினும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், துறையின் முகவரியை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்து உள்ளே சென்று பாருங்கள். பிரச்சினை உண்மையென்றால் அங்கேயும் தெரியும். நோட்டீஸ் என்று ஏதேனும் வந்தால், 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் இடம்பெறும் ஆவண அடையாள எண்ணை அதே தளத்தில் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

இணைப்பின் முகவரியைப் படிக்க நேர்ந்தால், தொடக்கத்திலுள்ள "https://" என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன் அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். "கவ் டாட் இன்" (gov.in) என்பது நடுவில் வந்து, முடிவு வேறாக இருந்தால் அது அரசுத் தளம் அன்று. அனுப்புநர் பெயரை நம்ப வேண்டாம். அதை எவரும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். உடனே வங்கியை அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிகளின்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் தாமதமின்றி மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகள் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன.