குதிரையின் தலை, கழுத்து இறுக்கம்: விரல் வைக்க வேண்டிய இடங்கள்

கடிவாளத்தோடு கை நீண்டதுமே தலையை உயரத் தூக்கிக்கொள்கிறது. காதோரம் தொட்டால் விலகுகிறது. இடப்பக்கம் தாராளமாக வளையும் கழுத்து வலப்பக்கம் கட்டையாக நிற்கிறது. திமிர் பிடித்த குதிரை என்று லகானைச் சுண்டுவதற்கு முன், காதுக்குப் பின்னாலும் தாடைக் கீலிலும் விரல் வைத்துப் பாருங்கள். அநேகமாக அங்கே இறுகிப்போன தசை கைக்குத் தட்டுப்படும்.

500 கிலோ குதிரைக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்தே 50 கிலோவை ஒட்டி வரும். மண்டையின் பின்புறத்திலிருந்து தோள் மேடு வரை ஓடும் ஒரு தடித்த நார்ப்பட்டைதான் அந்தப் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. ஆனால் குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போதுதான் அந்தப் பட்டை விறைத்து வேலை செய்யும். தலை உயர்ந்தே இருந்தால் பட்டை தளர்ந்து, பாரம் முழுக்கத் தசைகளின் மேல் விழும். உயரத்தில் தொங்கும் புல் வலை, குட்டையாகப் பிடித்த லகான், பயம், வாய்வலி என எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

இங்கே சொல்லப்போவது ஊசி போடும் முறை அல்ல. அக்குபங்சர் புள்ளிகளில் விரலால் அழுத்தம் தரும் அக்குபிரஷர் மட்டுமே. இந்தியாவில் கால்நடை மருத்துவம் செய்யும் உரிமை 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்களுக்குரியது. சட்டத்தை விடுங்கள், உடற்கூறே போதுமான எச்சரிக்கை தருகிறது. மண்டைக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் மருத்துவர்கள் குதிரையை மயக்கத்தில் கிடத்தித் தண்டுவட நீர் எடுக்கிறார்கள். அத்தனை பக்கத்தில் தண்டுவடம் இருக்கிறது. அங்கே பழகாத கை ஊசியோடு போகக் கூடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். குதிரைகளில் அக்குபங்சர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 'சக்தி ஓட்டம்' என்ற விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். கழுத்திலும் தலையிலும் உள்ள இந்தப் புள்ளிகள் இறுகும் தசைகளின் மேலேயே அமைந்திருப்பதால், விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் வரைபடமாக இவை நன்றாகப் பயன்படுகின்றன. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் குதிரையின் முகம் சொல்லும்.

கை வைக்கக் கூடாத குதிரை

தாடை பூட்டி, கழுத்து மரமாகி, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை குறுக்கே வந்து விழுகிறதா? அது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். குதிரைக்கு இது மிக எளிதில் வரும். தொடுவதும் சத்தமும் வலிப்பைக் கூட்டும். இருட்டான, அமைதியான இடத்தில் விட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

தாடைகளுக்கு நடுவிலோ தொண்டையிலோ வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் அது தொற்றுநோயாக இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள குதிரையின் உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், 101.5-ஐத் தாண்டினால் அன்று மாலிஷும் (உடம்பு பிடித்துவிடுவது) வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். பின்னால் சாய்ந்து விழுந்து தலையில் அடிபட்ட குதிரை, நடையில் தள்ளாடும் குதிரை, ஊசி போட்ட இடத்தில் கழுத்து வீங்கிய குதிரை இவையும் மருத்துவருக்குத்தான். சினைக் குதிரைக்கு, பின்னால் வரும் எல்.ஐ. 4 புள்ளியை அறவே தவிர்ப்பது மரபு. (எல்.ஐ., பி.எல்., ஜி.பி., எஸ்.டி. என்று எண்ணோடு வருபவை அக்குபங்சர் புள்ளிகளை அடையாளம் காட்டும் குறியீடுகள்.)

தொடங்கும் முன்

தீனி தின்று ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ஓடி வியர்த்த உடம்பு ஆறட்டும். தலைக்கயிறு மட்டும் போதும், கடிவாளம் வேண்டாம். கம்பத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். காதுகளுக்குப் பின்னால் உள்ள தலையுச்சியில் விரல் பட்டதும் குதிரை பின்வாங்கினால் கயிறு இழுபட்டு, நீங்கள் தளர்த்தப் போன அதே இடத்தில்தான் அடி விழும். குதிரைக்குப் பழகிய பராமரிப்பாளர் ஒருவர் கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் தோளோரம் நில்லுங்கள், நேர் முன்னால் நிற்காதீர்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும். மறுபக்கம் போகக் கழுத்துக்கு அடியில் குனிந்து நுழையும் பழக்கம் பலருக்கு உண்டு, சுற்றிக்கொண்டு போங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கேரட் ஒன்றைக் காட்டி, மூக்கை விலாப்பக்கம் திருப்ப வையுங்கள். இடப்பக்கம் எதுவரை வருகிறது, வலப்பக்கம் எதுவரை வருகிறது, திரும்பும்போது தலையைச் சாய்த்து ஏமாற்றுகிறதா என்று பாருங்கள். குறித்து வையுங்கள். இது இல்லாவிட்டால், வேலை முடிந்ததும் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

பிறகு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, காதுக்குப் பின்னிருந்து தோள் வரை மெதுவாக ஓட்டுங்கள். சூடு, புடைப்பு, சிலிர்ப்பு எங்கே வருகிறது என்று கவனியுங்கள். புதியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கையளவு தள்ளி, கெட்டியான விளிம்பு ஒன்று தட்டுப்படும். அது முடிச்சு அல்ல, முதல் கழுத்தெலும்பின் 'இறக்கை'. அதை நசுக்கித் தளர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு; எலும்பு தளராது, குதிரைக்குத்தான் வலிக்கும். பிடரி மயிருக்குக் கீழே கயிறு போல ஓடுவது முன்பு சொன்ன நார்ப்பட்டை. அதையும் விட்டுவிடுங்கள்.

அழுத்தும் அளவு

விரல் நுனியால் குத்தக் கூடாது. கட்டைவிரலின் சதைப்பகுதி, அல்லது சேர்த்து வைத்த மூன்று விரல்கள். சூடான இட்லியில் பள்ளம் விழாமல் விரல் வைக்கிற அளவுதான் தொடக்க அழுத்தம். குதிரை ஒப்புக்கொண்டால், பழுத்த தக்காளி கொஞ்சம் அமுங்குகிற அளவுக்குப் போகலாம். தோளிலும், கழுத்து தோளோடு சேரும் இடத்திலும் இன்னும் சற்று அழுத்தலாம், தலையில் கூடாது. லாயத்தில் தினமும் போடும் மாலிஷ் பெரிய தசைகளுக்கானது. அதே ஓங்கிய கை உச்சிக்குப் போனால் இறுக்கம் இரட்டிப்பாகும்.

ஒரு புள்ளிக்கு 30 விநாடி முதல் 2 நிமிடம். முதல் நாளில் நான்கு புள்ளிக்கு மேல் வேண்டாம்.

புள்ளிகள்

வலிக்கும் இடத்துக்கு நேராகப் போகாதீர்கள். தோளில் தொடங்குங்கள். தோள்பட்டை எலும்பின் முன்விளிம்பைத் தடவிக்கொண்டே போனால், ஏறக்குறைய பாதி உயரத்தில், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். எல்.ஐ. 16 என்று குறிப்பது அதைத்தான். கழுத்தின் பக்கத்தில் ஓடி முன்காலை வீசும் நீண்ட தசை இறுகியிருந்தால் இங்கே தெரியும். சேணம் முன்னே சரியும் குதிரைகளில் இந்த விளிம்பு முழுதுமே கூசும்.

அங்கிருந்து மேலே. கழுத்தில், பிடரி மயிரின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு விரலகலம் கீழே, முதல் எலும்பின் இறக்கைக்குப் பின்னிருந்து தோள்பட்டைக்கு முன்வரை வளைந்த வரிசையில் ஒன்பது புள்ளிகளைச் சீன மரபு குறிக்கிறது. ஜியூ வெய் என்று பெயர். ஒன்பதையும் அழுத்த வேண்டியதில்லை. வரிசை நெடுக உள்ளங்கையை ஓட்டி, சிலிர்க்கும் ஒன்றிரண்டில் மட்டும் நில்லுங்கள். கீழே, கழுத்தின் இரத்தக்குழாய் ஓடும் பள்ளத்தில் விரல் இறங்கவே கூடாது.

அடுத்தது பி.எல். 10. இந்த ஒரு புள்ளியை மட்டும் சரியாகக் கற்றாலே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. எலும்பு இறக்கையின் பின்விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அதை ஒட்டிப் பின்னால், பிடரி மயிரிலிருந்து இரண்டு மூன்று விரலகலம் கீழே, கட்டைவிரல் தானாக உட்காரும் ஒரு குழி. இடக்கை மூக்குத்தண்டில் லேசாக இருக்கட்டும். பிடிப்பதற்கு அல்ல, தலை எந்தப் பக்கம் போகிறது என்று உணர. வலக் கட்டைவிரலைக் குழியில் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கண் உறைந்தது போல இருக்கும், மூச்சு மேலாக ஓடும். பத்துப் பதினைந்து விநாடியில் இமை ஒருமுறை படபடக்கும். அதுதான் சரியான இடம் என்ற தகவல். பலரும் அந்த நேரத்தில் இன்னும் அழுத்துவார்கள், அல்லது அடுத்த புள்ளிக்குத் தாவுவார்கள். இரண்டும் தவறு. அழுத்தத்தை இம்மியும் கூட்டாமல் நின்றால், காது பக்கவாட்டில் சரியும், கீழுதடு தொங்கும், தலை அங்குலம் அங்குலமாக இறங்கும். இறங்கும் தலையோடு உங்கள் கையும் இறங்க வேண்டும்.

ஜி.பி. 20 அதற்கு முன்னால் இருப்பது. காதின் அடியிலிருந்து விரலைப் பின்னோக்கி இழுத்தால், மண்டையின் பின்விளிம்பு முடிந்து எலும்பு இறக்கை தொடங்குவதற்குள் ஒரு மென்பள்ளம் வரும். சீனப் பெயர் ஃபெங் ச்சி. கடிவாளத்தின் தலைவார், அதாவது காதுகளுக்குப் பின்னால் போகும் வார், இதன் அருகில்தான் அழுத்துகிறது. தலையைக் கொடுக்காத குதிரைகள் இங்கே மிகவும் கூசும். விரலை வைக்காமல், உள்ளங்கையைக் குவித்து அந்த இடத்தில் கவிழ்த்து வைப்பதே முதல் சில நாளுக்குப் போதும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்தால் மாட்டிக்கொண்டோம் என்று மிரளும். ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள்.

தாடைக்கு எஸ்.டி. 7. கண்ணின் வெளிமூலைக்கும் காதடிக்கும் நடுவில் இரண்டு விரலை வைத்து, ஒரு பிடி புல் கொடுங்கள். மெல்லும்போது விரலடியில் அசைவது தாடைக் கீல். புள்ளி அதற்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே உள்ள குழிவில். இங்கே அழுத்துவதைவிட, நாணயம் அளவு வட்டமாக மிக மெதுவாகச் சுழற்றுவது நல்லது. அப்படியே கீழே, கன்னத்துச் சப்பைத் தசையின் நடுவிலும் ஒரு நிமிடம். இரு பக்கமும் ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் பல்லைச் சந்தேகியுங்கள். குதிரையின் பல் ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்கள் வெளிப்புறமும் கீழ்ப் பற்கள் உட்புறமும் கூராகும். கன்னத்தைக் கிழிக்கும் பல்லை அராவாமல், எஸ்.டி. 7-ஐ மாதக்கணக்கில் தேய்த்துப் பயனில்லை.

நெற்றிமயிர் தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டில் இருப்பது தா ஃபெங் மென் என்ற சீனப் பெயருள்ள புள்ளி. படபடப்பான குதிரையை அமைதிப்படுத்த மரபில் முதலில் சொல்லப்படுவது. மூன்று விரலை வைத்து, தோல் எலும்பின் மேல் நகரும் அளவுக்கு மட்டும் அசையுங்கள். நேர் முன்னால் குதிரைக்குப் பார்வை இல்லாத இடம் உண்டு என்பதால் கை பக்கத்திலிருந்தே வரட்டும்.

எல்.ஐ. 4 தலையில் இல்லை. முன்காலின் உட்புறம், முட்டிக்குக் கீழே, குழலெலும்பை ஒட்டியிருக்கும் சிற்றெலும்பின் தலைக்குச் சற்றுக் கீழே உள்ள பள்ளம். மனிதரில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தலைவலிக்கு அழுத்துகிறார்களே, அதற்கு இணையானது. கால் தரையில் இருக்கும்போதே, மண்டியிடாமல் குனிந்து, ஒரு நிமிடம்.

பதிலைப் படிப்பது

பெருமூச்சு, மூக்கைச் சீறுவது, கொட்டாவி, கால் மாற்றி நிற்பது, வயிற்றில் குடகுட சத்தம் எல்லாம் நல்ல அடையாளங்கள். நாக்கைச் சுழற்றி மெல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பதற்றத்திலிருந்து வெளியே வரும்போது நிகழ்வது. முதலில் பதற்றப்படுத்தியது நீங்களாகவும் இருக்கலாம். மூக்குத்துளை சுருங்கி, மோவாய் இறுகி, கண்ணின் மேலே முக்கோண மடிப்பு விழுந்தால் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். காது பின்னே ஒட்டினால் கையை எடுத்து, தோளுக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள், தலை தாழ்ந்தே இருக்கட்டும். கேரட் சோதனையைத் திரும்பச் செய்து முன்பு குறித்ததோடு ஒப்பிடுங்கள். அன்று கடும் சவாரி வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் செய்தும் அதே பக்கம் அதே இடத்தில் இறுக்கம் திரும்பினால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. முன்குளம்பு வலிக்கும் குதிரையும் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்தை இறுக்கும். கழுத்தின் கடைசி மூட்டுகளில் தேய்மானமும் வரும், அதை எக்ஸ்ரே போன்ற பரிசோதனையில்தான் பார்க்க முடியும். மருத்துவரிடம் போகும்போது உங்கள் குறிப்பைக் கொண்டு போங்கள்.

இறுக்கம் திரும்பாமலிருக்க, வார்களையும் தீனி வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். மூக்கைச் சுற்றி வரும் மூக்குவாரைச் சரிபார்க்க, மூக்கெலும்பின் மேல் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் எப்போதும் நுழையும், அது கணக்கில்லை. தலைவார் காதின் அடியைத் தொட்டால் அதைப் பின்னே தள்ளாதீர்கள், வேறு வார் வாங்குங்கள். புல் வலையை அவிழ்த்து, புல்லைத் தரையில் போடுங்கள்.